ஸ்டார்ஷிப் ட்ரூப்பர்ஸ்: எக்ஸ்டெர்மினேஷன் – முதற்கட்ட மதிப்பீடு

‘ஸ்டார்ஷிப் ட்ரூப்பர்ஸ்: எக்ஸ்டெர்மினேஷன்’ என்பது ஒரே நேரத்தில் 16 பேர் வரை இணையம் வழியாகச் சேர்ந்து ஆடும் சுடும் விளையாட்டு. பால் வெர்ஹோவன் இயக்கி 1997-இல் வெளிவந்த ‘ஸ்டார்ஷிப் ட்ரூப்பர்ஸ்’ திரைப்படத்தை அடிப்படையாகக் கொண்டது. ‘ஸ்குவாட்’ என்ற போர் விளையாட்டை உருவாக்கிய கனடா நாட்டு நிறுவனமான ஆஃப்வேர்ல்ட் இதை உருவாக்கியுள்ளது. 2023 மே 17 அன்று, முழுமையடைவதற்கு முன்பே விற்கப்படும் ‘ஏர்லி ஆக்ஸஸ்’ பதிப்பாக ஸ்டீம் தளத்தில் வந்தது. முழுப் பதிப்பு 2024 அக்டோபர் 11 அன்று கணினி, பிளேஸ்டேஷன் 5, எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் ஆகியவற்றுக்கு வெளியானது.

முழுப் பதிப்பு வந்த முதல் சில வாரங்களில் ஆடிப் பார்த்ததை வைத்து இக்கட்டுரை எழுதப்படுகிறது. ஆடியவர்கள் நான்கு பேர். நால்வரும் கிருஷ்ணகிரி மாவட்டம் மத்தூரையும் அதன் சுற்றுவட்டாரத்தையும் சேர்ந்தவர்கள். இருவர் ஓசூர் சிப்காட்டில் ஷிப்ட் வேலை பார்க்கிறார்கள். ஒருவன் ராணுவத்தில் சேர்வதற்காகத் தினமும் விடியற்காலையில் ஊத்தங்கரை சாலையில் ஓடிப் பழகுகிறான். அவன் கேட்ட ஒரு கேள்வியால்தான் ‘நன்றாக இருக்கிறது, வாங்கலாம்’ என்ற இரண்டு வரியில் முடிந்திருக்க வேண்டிய மதிப்பீடு இவ்வளவு நீண்டது.

படம் என்ன சொன்னது

ராபர்ட் ஹைன்லைன் 1959-இல் எழுதிய நாவலிலிருந்து எடுக்கப்பட்ட படம் இது. எதிர்காலப் பூமியை ஒரே கூட்டாட்சி ஆள்கிறது. ராணுவம் போன்ற அரசுப் பணியில் சேர்ந்து முடித்தவர்களுக்கு மட்டுமே குடியுரிமையும் வாக்குரிமையும் உண்டு. பள்ளிப் படிப்பை முடித்த ஜானி ரிக்கோ, காதலியின் பின்னால் போய் ராணுவத்தில் சேர்கிறான். வேற்றுக்கிரகப் பூச்சிகள் அனுப்பியதாகச் சொல்லப்படும் விண்கல் அவனுடைய ஊரான புவேனஸ் அயர்ஸை அழிக்கிறது. போர் தொடங்குகிறது. கிளெண்டாத்து கிரகத்தில் இறங்கிய முதல் நாளில் ஒரு மணி நேரத்துக்குள் ஒரு லட்சம் வீரர்கள் இறக்கிறார்கள்.

கதையை மட்டும் கேட்டால் சாதாரணப் போர்ப்படமாகத் தெரியும். வெர்ஹோவன் எடுத்த விதம் வேறு. 1938-இல் பிறந்த அவர், ஜெர்மானிய ஆக்கிரமிப்பில் இருந்த நெதர்லாந்தில் சிறுவனாக வளர்ந்தவர். இந்தப் படம் முழுவதையும் ஓர் அரசாங்க விளம்பரத்தின் தோரணையில் எடுத்தார். அழகான முகங்கள், பளிச்சென்ற உடைகள், இடையிடையே உற்சாகமான செய்திப்படங்கள். ஒரு செய்திப்படத்தில் போருக்கு உதவுவதாக நினைத்துச் சிறுவர்கள் தரையில் ஊரும் கரப்பான்பூச்சிகளை மிதிக்கிறார்கள். பக்கத்தில் ஒரு பெண்மணி ஆனந்தமாகக் கைதட்டுகிறார். ஆள்சேர்ப்பு அலுவலகக் காட்சியில், காலாட்படைதான் என்னை ஆளாக்கியது என்று பெருமையாகச் சொல்லும் அதிகாரி மேசையை விட்டு நகரும்போது அவருக்கு இரண்டு கால்களும் இல்லை என்பது தெரிகிறது. கடைசியில் பிடிபட்ட ‘மூளைப் பூச்சி’யைத் தொட்டுப் பார்த்து அது பயப்படுகிறது என்று அறிவிக்கிறார்கள். அதைக் கேட்டுப் படை முழுவதும் ஆரவாரம் செய்கிறது.

நம்மையும் அந்த ஆரவாரத்தில் சேரவைத்துவிட்டு, எதற்காகக் கைதட்டினோம் என்று பிறகு யோசிக்கவைப்பதே படத்தின் வேலை. வெளியானபோது பல விமர்சகர்கள் இதைப் போரைப் புகழும் படம் என்றே எடுத்துக்கொண்டார்கள். அங்கதம் என்ற மதிப்பு பின்னால்தான் வந்தது. இதற்குத் திரைக்கதை எழுதிய எட் நியூமையர், நம் ஊரில் நன்கு தெரிந்த ‘ரோபோகாப்’ படத்தின் கதாசிரியர்களில் ஒருவர். அதிலும் நடுநடுவே போலி விளம்பரங்கள் வரும்.

பதினாறு பேரும் கதாநாயகனாக முடியாது

படத்திலிருந்து பலர் ஆடும் விளையாட்டை உருவாக்குபவர்களுக்கு ஒரு பழைய சிக்கல் உண்டு. படத்தில் நாயகன் ஒருவன், விளையாட்டில் ஆடுபவர்கள் பலர். இந்தியாவில் இதுவரை பெரும்பாலும் அந்தச் சிக்கலுக்குள் போகாமலே வேலை நடந்திருக்கிறது. ஏ.ஆர். முருகதாஸின் ‘கஜினி’ இந்தியில் மீண்டும் எடுக்கப்பட்டபோது, ஹைதராபாத்தின் எஃப்எக்ஸ் லேப்ஸ் அதைக் கணினி விளையாட்டாக்கியது. அது ஒருவர் மட்டும் நாயகனாக ஆடுவது. பெங்களூரின் மூன்ஃபிராக் லேப்ஸ் 2017-இல் வெளியிட்ட ‘பாகுபலி’ விளையாட்டு, கோட்டை கட்டிப் படை திரட்டும் வகை. அதில் ஆடுபவர் மேலிருந்து கட்டளையிடுபவர். ஒரு ரஜினி படத்தைப் பதினாறு பேர் ஆடும் சுடும் விளையாட்டாக்கினால், பதினாறு பேரும் ரஜினியாகத்தான் இறங்குவார்கள். அடிவாங்கிப் பறக்கும் ஸ்டண்ட் நடிகராக யாரும் வர மாட்டார்கள்.

வெளிநாட்டு விளையாட்டுகள் இதற்கு இரண்டு வழிகளை முயன்றன. ‘ஸ்டார் வார்ஸ் பேட்டில்ஃபிரண்ட்’ (2015) எல்லோரையும் சாதாரணச் சிப்பாயாக்கி, போர்க்களத்தில் ஓர் அடையாளத்தை எடுப்பவரைச் சிறிது நேரம் டார்த் வேடராக மாற்றியது. நாயக வேடம் பரிசானது. 2017-இல் வந்த இரண்டாம் பாகத்தில் வேடரைத் திறக்க 60,000 விளையாட்டுக் காசுகள் சேர்க்க வேண்டும் என்று வைத்தார்கள். எதிர்ப்பு கிளம்பியதும் முக்கால் பங்கைக் குறைத்தார்கள். ‘பிரிடேட்டர்: ஹண்டிங் கிரவுண்ட்ஸ்’ (2020) வேறு வழியில் போனது. நான்கு பேர் சிப்பாய்கள், ஒருவர் மட்டும் பிரிடேட்டர். எல்லோருக்கும் அந்த ஒரு வேடமே வேண்டும் என்பதால் அதற்கான காத்திருப்பு வரிசை நீண்டது.

எக்ஸ்டெர்மினேஷன் மூன்றாவது வழியை எடுக்கிறது. இதில் யாருமே நாயகன் இல்லை. ரிக்கோவாக ஆட முடியாது, டிஸ்ஸியாக ஆட முடியாது. பெயரில்லாத பதினாறு காலாட்படை வீரர்களில் நாம் ஒருவர். படத்துக்கு இதைவிடப் பொருத்தமான வழி இல்லை. ஏனென்றால் ஒவ்வொரு வீரரும் மாற்றத்தக்க ஓர் உதிரி பாகம் என்று சொன்ன படம் அது.

ஆட்டம் நடக்கும் விதம்

ரேஞ்சர், ஸ்னைப்பர், டெமாலிஷர், கார்டியன், இன்ஜினியர், மெடிக் என்று ஆறு வகை வீரர்கள். ரேஞ்சர் முதுகில் கட்டிய ஜெட் கொண்டு தாவுவார். கார்டியன் ஓரிடத்தில் ஊன்றி நின்று சுடுவார். மெடிக் விழுந்தவர்களை எழுப்புவார். வலாகா, அக்னி பிரைம் போன்ற கிரகங்களில் இறங்கி, இடங்களைக் கைப்பற்றி, தாதுவும் எரிவாயுவும் சேகரித்து, ஒரு தளத்தைச் சுற்றி மதில் கட்டி, வரும் பூச்சிக் கூட்டத்தைத் தடுக்க வேண்டும். முடிந்ததும் மீட்பு விமானம் நிற்கும் இடத்துக்கு ஓட வேண்டும். அலை அலையாக வரும் பூச்சிகளைத் தாக்குப்பிடிக்கும் முறையும், ஒருவர் மட்டும் ஆடும் பயிற்சிப் பகுதியும் தனியாக உண்டு.

படத்தில் விஸ்கி அவுட்போஸ்ட் என்ற கோட்டைக் காட்சியைப் பார்த்தவர்களுக்கு இந்த அமைப்பு எங்கிருந்து வந்தது என்பது உடனே புரியும். வெறிச்சோடிய கோட்டை, அடிவானம் முழுக்க நிறைந்து வரும் பூச்சிகள், மதிலுக்கு வெளியே குவியும் உடல்கள், கடைசி நிமிடத்தில் வரும் விமானம். அந்த ஒரு காட்சியை எடுத்து விரித்து முழு விளையாட்டாக்கியிருக்கிறார்கள். தேர்வு சரியானது. படத்தின் பூச்சிகளை உருவாக்கியது பில் டிப்பெட்டின் கூடம். அந்தக் காட்சி ஜாலங்கள் ஆஸ்கர் பரிந்துரை வரை சென்றவை. அந்த அசைவின் பயத்தை விளையாட்டு தக்கவைத்திருக்கிறது.

இதில் தனித்துக் குறிப்பிட வேண்டியது பிணக்குவியல். பெரும்பாலான சுடும் விளையாட்டுகளில் கொல்லப்பட்ட எதிரியின் உடல் சில நொடிகளில் மறைந்துவிடும். இங்கே மறைவதில்லை. பூச்சி உடல்கள் மதிலோரம் குவிந்து மேடாகின்றன. பின்னால் வரும் பூச்சிகள் அந்த மேட்டின் மேல் ஏறி மதிலைத் தாண்டுகின்றன. ஒரே மூலையில் விடாமல் சுட்டுக்கொண்டிருந்தால், எதிரிக்கு நாமே படிக்கட்டு கட்டித் தருகிறோம் என்று அர்த்தம். எங்கள் முதல் மூன்று ஆட்டங்களில் கோட்டை விழுந்தது இப்படித்தான். எவ்வளவு அதிகம் கொல்கிறாயோ அவ்வளவு ஆபத்து என்ற கணக்கை எந்த வசனமும் இல்லாமல் விளையாட்டு விதியாகவே வைத்தது நல்ல வடிவமைப்பு. படத்தின் எண்ணத்துக்கு மிக அருகில் வரும் இடமும் இதுதான்.

கூட்டு வேலையும் நன்றாகவே அமைந்திருக்கிறது. மதில் கட்டுபவர், தாது சுமப்பவர், காவல் நிற்பவர் என்று வேலையைப் பிரித்துக்கொள்ளாமல் வெல்ல முடியாது. ஓர் இரவு எங்களோடு சேர்ந்த ஒருவர் பெங்களூரிலிருந்து கன்னடத்தில் பேசினார். எங்களில் ஒருவன் வீட்டில் தெலுங்கு பேசுபவன், மற்றவர்கள் தமிழ். எல்லையோர ஊர்களில் சந்தையிலும் பஸ்ஸிலும் பேசுவதைப் போல மூன்று மொழிகளையும் கலந்து பேசிக்கொண்டே கிழக்கு மதிலைக் காப்பாற்றினோம். இரண்டாம் ஷிப்ட் முடிந்து பதினோரு மணிக்கு மேல் வந்து உட்காருகிறவனுக்கு இந்தக் கூட்டு பெரிய ஆறுதல்.

குறைகளும் உண்டு. நோக்கங்கள் சில ஆட்டங்களுக்குள் மனப்பாடமாகிவிடுகின்றன. இடம் மாறினாலும் செய்யும் வேலை மாறுவதில்லை. ஒவ்வொரு வகை வீரருக்கும் முன்னேற்றம் தனித்தனியாகச் சேர்வதால், மெடிக்காகப் பல மணி நேரம் ஆடியவர் இன்ஜினியராக மாறினால் அடியிலிருந்து தொடங்க வேண்டும். குழுவுக்குத் தேவையான வேடத்தை எடுக்கவிடாமல், ஏற்கெனவே உயர்ந்திருக்கும் வேடத்திலேயே ஒட்டிக்கொள்ள இது தூண்டுகிறது. கூட்டு முயற்சியை மையமாக வைத்த விளையாட்டுக்கு இது பொருந்தாத விதி. கைப்பேசியில் இலவசமாக ஆடிப் பழகிய ஒருவருக்கு, நல்ல கிராஃபிக்ஸ் கார்டு உள்ள கணினியும் அதற்கு மேல் விளையாட்டின் விலையும் சேர்ந்து பெரும் செலவு என்பதையும் சொல்ல வேண்டும்.

விளம்பரம் மட்டும் மிஞ்சியது

எங்களில் ராணுவத்துக்குத் தயாராகிறவன் படத்தை முன்பு பார்த்ததில்லை. விளையாட்டைத்தான் முதலில் ஆடினான். ரொம்பப் பிடித்துவிட்டது. ஒரு வாரம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் சேர்ந்து படத்தைப் பார்த்தோம். ஆள்சேர்ப்பு அதிகாரியின் காட்சியில் மற்றவர்கள் சிரித்தார்கள். அவன் சிரிக்கவில்லை. படம் முடிந்ததும் கேட்டான்: “டேய், இதுல நாம நல்லவங்களா, கெட்டவங்களா?”

விளையாட்டு அந்தக் கேள்வியை அவனிடம் ஒரு வாரமாக எழுப்பவே இல்லை. இதுவே எக்ஸ்டெர்மினேஷன் மீதான என் முதன்மையான விமர்சனம். கூட்டாட்சியின் சின்னங்கள், உடைகள், கோஷங்கள், செய்திப்படத் தோரணை எல்லாம் விளையாட்டில் இருக்கின்றன. ஆனால் அவை அலங்காரமாக நிற்கின்றன. கால்களை இழந்த அதிகாரி இல்லை. கரப்பான்பூச்சியை மிதிக்கும் சிறுவர்கள் இல்லை. பூச்சி பயப்படுகிறது என்று கேட்டுக் கைதட்டும் அந்த அசிங்கமான நொடி இல்லை. படம் விளம்பரத்தையும் காட்டியது, அதன் பின்னால் இருப்பதையும் காட்டியது. விளையாட்டு முதல் பாதியை மட்டும் எடுத்துக்கொண்டது.

இதை இன்னும் தெளிவாகக் காட்டுவது இன்னொரு விளையாட்டு. சுவீடனின் ஆரோஹெட் நிறுவனம் உருவாக்கிய ‘ஹெல்டைவர்ஸ் 2’ 2024 பிப்ரவரியில் வந்தது. நான்கு பேர் சேர்ந்து பூச்சிகளையும் இயந்திரங்களையும் சுடுவது. ஸ்டார்ஷிப் ட்ரூப்பர்ஸ் பெயரைப் பயன்படுத்தும் உரிமம் அதற்கு இல்லை, ஆனால் அந்தப் படத்தின் சாயல் எங்கும் தெரியும். அதில் நாம் செத்தால், திரும்பி வருவது நாம் அல்ல. விண்கப்பலில் உறையவைக்கப்பட்டிருக்கும் வேறொரு வீரர் குண்டுபோல் கீழே எறியப்படுகிறார். ஆட்டம் நிற்காமல் தொடர்கிறது. அங்கதம் அங்கே விதிக்குள்ளேயே இருக்கிறது. பத்தாவது முறை சாகும்போது, இதுவரை எத்தனை பேரை அனுப்பிவிட்டார்கள் என்ற எண்ணம் தானாக வருகிறது. உரிமம் வாங்கியவர்களுக்குப் பெயரும் சின்னமும் கிடைத்தன. படத்தின் பார்வை உரிமம் வாங்காதவர்களிடம் போய்ச் சேர்ந்திருக்கிறது.

ஆனாலும் ஓரிடத்தில், தெரிந்தோ தெரியாமலோ, எக்ஸ்டெர்மினேஷன் படத்தை மிகச் சரியாகத் தொடர்கிறது. படத்தில் ரிக்கோவாக நடித்த காஸ்பர் வான் டீன் இந்த விளையாட்டில் ஜெனரல் ரிக்கோவாகக் குரல் கொடுத்திருக்கிறார். ஒருவர் மட்டும் ஆடும் பயிற்சிப் பகுதியில் நமக்குக் கட்டளையிடுவது அவர்தான். விருப்பமான நடிகரின் குரலைக் கேட்கும் மகிழ்ச்சிக்காகச் சேர்க்கப்பட்டதாகவே இது ஒலிக்கிறது. படத்தின் முடிவை நினைத்துப் பார்த்தால் வேறு பொருள் தெரிகிறது. அங்கே ரிக்கோ தன் செத்துப்போன தளபதியின் சொற்களையே தன்னைவிடச் சின்னப் பையன்களிடம் சொல்லிக்கொண்டிருப்பான். காதலுக்காகப் பட்டாளத்தில் சேர்ந்த அந்தப் பையன், இப்போது நரைத்த குரலில் அடுத்த தலைமுறையைக் கூப்பிடும் ஜெனரலாகிவிட்டான். இப்படித்தான் ஆகும் என்று படம் அன்றே சொல்லியிருந்தது. விளையாட்டு அதை வருத்தமாகக் காட்டவில்லை, கௌரவமாகக் காட்டுகிறது. படத்தைப் பார்த்தவருக்கு மட்டும் உள்ளே குத்தும்.

இந்தக் குறையைப் பெரிதாகச் சொல்வதற்குக் காரணம் எங்கள் ஊர்ச் சூழல். விடியற்காலையில் சாலையோரம் ஓடும் பையன்களைப் பார்க்காமல் இந்தப் பக்கம் நாள் தொடங்குவதில்லை. 2022 ஜூனில் அறிவிக்கப்பட்ட அக்னிபத் திட்டப்படி பணிக்காலம் நான்கு ஆண்டுகள். அதன்பின் நிரந்தரப் பணிக்குத் தக்கவைக்கப்படுவது அதிகபட்சம் நான்கில் ஒரு பங்கினர். அதை நன்றாகத் தெரிந்துகொண்டுதான் ஓடுகிறார்கள். அவர்களுக்குப் படை என்பது கற்பனை உலகமல்ல, வீட்டில் நடக்கும் பேச்சு. படையில் சேர்வது தவறு என்று அந்தப் படமும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. சேரும் முன் கேட்கவேண்டிய கேள்விகள் உண்டு என்பதைப் படம் சொன்னது. அந்தக் கேள்விகளை எடுத்துவிட்டு உடையை மட்டும் மாட்டிவிடுவது, கேள்வி கேட்கும் வயதில் இருப்பவர்களுக்குச் செய்யும் குறை.

உரிமத்தின் ஆயுள்

இணையத்தில் மட்டும் உயிரோடு இருக்கும் விளையாட்டு திடீரென்று காணாமல் போகும் என்பது இங்குள்ள இளைஞர்களுக்குப் புதிதல்ல. பப்ஜி மொபைல் 2020 செப்டம்பர் 2 அன்று தடைசெய்யப்பட்டது. ஃபிரீ ஃபயர் 2022 பிப்ரவரியில் தடைப்பட்டது. அவை இலவசம், மனவருத்தத்தோடு முடிந்தது. படத்தின் பெயரில் வரும் விளையாட்டுக்கு இன்னொரு ஆபத்தும் உண்டு. படத்தின் உரிமம் குறிப்பிட்ட காலத்துக்கே கிடைக்கும். ‘ஃபிரைடே த தர்டீன்த்’ படவரிசையை வைத்து 2017-இல் வந்த விளையாட்டு, உரிமம் முடிவதால் 2023 இறுதியோடு விற்பனையிலிருந்து எடுக்கப்பட்டது. எக்ஸ்டெர்மினேஷனுக்கு அப்படி நடக்கும் என்று சொல்லவில்லை. ஆனால் பதினாறு பேர் வேண்டிய விளையாட்டில், ஆட்கள் குறைந்தாலே ஆட்டம் பாதி செத்துவிடும். ஒருவர் மட்டும் ஆடும் பகுதி ஒரு பயிற்சிக் கூடமாகவே இருக்கிறது. ஆட்கள் போனபின் நிலைத்திருக்கும் அளவுக்கு அதில் கதை இல்லை. வாங்குகிறவர்கள் இதையும் கணக்கில் எடுத்துக்கொள்வது நல்லது.

முடிவாக

நான்கைந்து நண்பர்கள் சேர்ந்து ஆட வாய்ப்பு உள்ளவர்களுக்கு எக்ஸ்டெர்மினேஷன் நல்ல விளையாட்டு. கோட்டை கட்டுவதும், பிணமேட்டைக் கணக்கிட்டுச் சுடுவதும், கடைசி ஓட்டமும் வேறெங்கும் இதே வடிவில் கிடைக்காது. தனியாக ஆடுபவர்கள் விலை குறையும்வரை பொறுத்திருக்கலாம். படத்தின் ரசிகர்களுக்கு அதன் உருவமும் ஓசையும் நிறைய உண்டு, அதன் புத்தி குறைவாகவே உண்டு. பின்வரும் புதுப்பிப்புகளில் புதிய பூச்சிகளையும் துப்பாக்கிகளையும் சேர்ப்பதோடு, அந்தக் கால்களை இழந்த அதிகாரிக்கும் ஓர் இடம் கொடுத்தால் நன்றாக இருக்கும்.

விளையாட்டை ஆடும் மாணவர்கள் படத்தையும் ஒருமுறை பார்க்க வேண்டும். வன்முறைக் காட்சிகள் அதிகம் என்பதால் பெரியவர்களுக்கான படம் என்பதை மறக்க வேண்டாம். எந்த வரிசையில் பார்த்தாலும் சரி. எங்கள் நண்பன் விளையாட்டை முதலில் ஆடியதால்தான் அந்தக் கேள்வி அவனுக்கு வந்தது. நாங்கள் யாரும் அதற்கு நேரான பதில் சொல்லவில்லை. மறுநாள் விடியற்காலை வழக்கம்போல ஓடப் போனான். அன்று இரவு வழக்கம்போல ஆடவும் வந்தான். ஜெனரல் ரிக்கோவின் குரல் வரும்போது மட்டும் இப்போது ஹெட்செட்டைக் கழற்றி வைத்துவிடுகிறான்.